முதல் துப்பாக்கி

எந்த ரைபிளை முதலில் வாங்குவது என்ற கேள்வி கடைக்காரனிடம் கேட்கவேண்டிய கேள்வியாகத்தான் தோன்றும். விலை, எடை, தோட்டா கிடைக்குமா, பழுது பார்க்க ஆள் உண்டா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எழுதுகிறவர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். ஒழுக்கம் பற்றிய நமது விவாதங்கள் அநேகமாகச் செயலைப் பற்றியவை: சுட்டது சரியா, தவறா; சுட்டவன் அந்தக் கணத்தில் சுதந்திரமாக இருந்தானா, இல்லையா. ஆனால் அந்தக் கணத்துக்கு வெகுமுன்பே, அவசரம் எதுவும் இல்லாத ஒரு பிற்பகலில், ஒரு தேர்வு நடந்து முடிந்திருக்கிறது. கையில் எது இருக்கும் என்பது அப்போதே தீர்ந்துவிடுகிறது. செயலில் நமக்கு மிஞ்சும் சுதந்திரம் எவ்வளவு என்பதும் அதோடு ஏறக்குறையத் தீர்ந்துவிடுகிறது. எனவே கடைக்காரனின் கேள்வியைக் கொஞ்சம் கடனாகப் பெற்று யோசித்துப் பார்க்கலாம்.

ஸ்தூலமான ஓர் உதாரணம் வேண்டும். ரைபிள், கைத்துப்பாக்கி, ரவைத் துப்பாக்கி ஆகிய மூன்றையும் ஒரே ஓட்டத்தில் பயன்படுத்தும் போட்டிகள் அமெரிக்காவில் தொடங்கிப் பல தேசங்களுக்குப் பரவியிருக்கின்றன. போட்டிக்காரன் ஓடுகிறான். மறைப்புக்குப் பின்னால் குனிகிறான். சில அடி தூரத்தில் இருக்கும் அட்டையையும், பிறகு முந்நூறு மீட்டர் தள்ளி நிற்கும் இரும்புத் தகட்டையும் சுடுகிறான். ஒரு துப்பாக்கியை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறான். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. இவ்வகைச் சுடுதலுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு 1976-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் உருவாயிற்று. அதன் முதல் தலைவர் ஜெஃப் கூப்பர் ராணுவத்திலிருந்து வந்தவர். கூட்டமைப்பின் குறிமொழி மூன்று லத்தீன் சொற்கள். துல்லியம், பலம், வேகம் என்று அவற்றைப் பெயர்க்கலாம்.

இதில் பழகியவர்கள் புதியவனுக்குச் சொல்லும் யோசனைகள் விவேகமானவை. முதலில் எதையும் வாங்காதே. ஒரு போட்டியைப் போய்ப் பார். இரவல் துப்பாக்கியில் ஒரு முறை சுடு. அதிகத் துல்லியத்தைவிட ஒருபோதும் சிக்கிக்கொள்ளாத இயக்கத்தை விரும்பு. தோட்டா மலிவாகக் கிடைக்கும் போரைத் தேர்ந்தெடு. ஏனென்றால் நீ வாங்கப்போவது துப்பாக்கியை அல்ல, ஆயிரக்கணக்கான தோட்டாக்களின் பயிற்சியை. கிட்டத்துக்கும் தூரத்துக்கும் பொருந்தும்படி, ஒன்றிலிருந்து ஆறு மடங்குவரை பெரிதாக்கும் குறிக்கண்ணாடி போதும். கண்ணாடி குழலுக்கு ஆறு சென்டிமீட்டர் அளவுக்கு மேலே இருப்பதை மறக்காதே; மூன்று மீட்டர் தூரத்தில் நீ பார்க்கும் புள்ளிக்குக் கீழேதான் குண்டு படும். கண்ணின் கோடும் குண்டின் பாதையும் இரண்டே இடங்களில்தான் சந்திக்கின்றன. மற்ற தூரங்களிலெல்லாம் பார்ப்பது ஒன்று, படுவது ஒன்று. இதை அறிந்து ஈடுசெய்வதுதான் பயிற்சி.

இந்த யோசனைகளில் குறை காண எதுவும் இல்லை. ஆனால் இவை எல்லாமே இலக்கு எது என்பது ஏற்கனவே முடிவாகிவிட்டது என்ற அனுமானத்தில் நிற்கின்றன. பிரச்னை அங்கேதான் இருக்கிறது.

குறிமொழியின் நடுச்சொல்லைக் கவனிப்போம். துல்லியமும் வேகமும் எந்த விளையாட்டிலும் உண்டு. அட்டையைத் துளைக்கப் பலம் எதற்கு? அந்தக் கூட்டமைப்பின் விதிகளில் பலத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. குண்டின் எடையைக் கிரெயினிலும் வேகத்தை வினாடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்து, இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுக்கவேண்டும். ரைபிளில் 150 வந்தால் சிறுபலம், 320 வந்தால் பெரும்பலம். அட்டையின் நடு வட்டாரத்தில் பட்டால் இருவருக்கும் ஐந்து புள்ளிகள்தான். நடுவை விட்டு விலகினால்தான் வித்தியாசம். அடுத்த வட்டாரத்தில் பெரும்பலக்காரனுக்கு நான்கு, சிறுபலக்காரனுக்கு மூன்று. விளிம்பில் முன்னவனுக்கு இரண்டு, பின்னவனுக்கு ஒன்று.

இந்தச் சின்னஞ்சிறு அட்டவணையில் ஒரு முழுத் தத்துவம் ஒளிந்திருக்கிறது. பலம் உள்ளவனின் பிழை மன்னிக்கப்படுகிறது. சரியாகச் செய்பவர்களிடையே பலத்துக்கு மதிப்பில்லை. தவறும்போதுதான் அது கைகொடுக்கிறது. விதியைச் செய்தவர்களின் நியாயம் புரியக்கூடியதுதான்: கனமான குண்டு அதிகமாக உதைக்கும், அதைக் கட்டுப்படுத்துவது கஷ்டம், கஷ்டத்துக்குக் கூலி. ஆனாலும் காகிதத்துக்குப் பலமும் பலவீனமும் ஒன்றுதான். காகிதம் எதற்குப் பதிலாக நிற்கிறதோ அதற்குத்தான் இரண்டும் வேறு. விளிம்பில் பட்டாலும் சாய்க்கக்கூடியது பெரும்பலம் என்ற எண்ணம் காகிதத்தைப் பார்த்துப் பிறந்ததல்ல. பழைய அட்டை இலக்குக்குத் தலையும் தோளும் உண்டு. பல நாடுகளில் அந்த உருவம் உறுத்தியதால் தலையில்லாத வேறோர் அட்டையும் பிறகு வந்தது. அமெரிக்காவில் நடக்கும் மூன்று துப்பாக்கிப் போட்டிகள் பலவற்றில் பலக் கணக்கையே விட்டுவிட்டு நேரத்தை மட்டும் எண்ணுகிறார்கள். இந்த மாற்றங்களை எள்ளி ஒதுக்க நான் தயாராக இல்லை. ஒரு விளையாட்டு தன் பிறப்பை நினைத்துக் கூச்சப்படத் தொடங்குவது நல்ல அறிகுறி.

இனி மொரப்பூருக்கு வருவோம். ஜோலார்பேட்டைக்கும் சேலத்துக்கும் இடையே ரயில் நிற்கும் ஊர் அது. அங்கே ஒருவனுக்கு இந்தப் போட்டியில் ஆசை வந்தால் அவன் எந்த ரைபிளை வாங்குவான்? அவனுக்கு முன்பே சட்டம் தேர்ந்தெடுத்துவிட்டது. அரைத் தானியங்கி ரைபிள் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட வகையில் வருகிறது. படைகளின் தோட்டாவைப் போட்டுச் சுடக்கூடிய எந்த போரும் அப்படியே. மற்ற தேசத்தார் இப்போட்டியில் வழக்கமாகக் கொண்டுவரும் ரைபிளும் ஒன்பது மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியும் சாதாரண உரிமத்தில் அவனுக்குக் கிடைக்கமாட்டா. கிடைக்கக்கூடியது பன்னிரண்டு போர் ரவைத் துப்பாக்கி, ரைபிளில்.22, அல்லது .315. அதற்கும் காவல்துறை விசாரணை, காத்திருத்தல், செலவு. 2019-ல் வந்த திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. விளையாட்டு வீரர்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு. ஆனால் அது ஏற்கனவே வீரராகிவிட்டவர்களுக்கு.

.315 என்ற அளவுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. படையின் தோட்டா .303. அது குடிமக்கள் கைக்குப் போகக்கூடாது என்று ஆங்கிலேய அரசு கருதியது. அதனால் ஆஸ்திரிய மான்லிக்கர் தோட்டாவிலிருந்து வந்த வேறோர் அளவு இந்தியக் குடிமகனுக்கு வாய்த்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் இச்சாப்பூர் தொழிற்சாலை அந்த அளவிலேயே ரைபிள் செய்தது. மொரப்பூருக்கே இதைப்போல ஓர் அளவின் கதை உண்டு. 1906-ல் அங்கிருந்து தர்மபுரிக்கும் 1913-ல் ஓசூருக்கும் போட்ட ரயில்பாதை இரண்டரை அடிக் குறும்பாதை. பெரிய பாதையின் வண்டி அதில் ஓடாது. ஆளும் சரக்கும் மொரப்பூரில் இறங்கி மாறவேண்டும். 1941-ல் போர்க்காலத்தில் அது மூடப்பட்டது. குறும்பாதைக்குச் சிக்கனம் காரணம், .315-க்கு அவநம்பிக்கை காரணம். என்றாலும் இரண்டிலும் ஒரே விஷயம் நடந்தது: யாரோ எங்கோ தீர்மானித்த ஓர் அளவு, அதற்குள் வாழ்பவர்களுக்கு இயற்கையின் ஏற்பாடுபோல ஆகிவிட்டது.

லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம் வந்த வருஷம் 1878. இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே வருஷம்தான் வந்தது. பத்திரிகைச் சட்டம் சில வருஷங்களில் ரிப்பன் காலத்தில் நீக்கப்பட்டது. ஆயுதச் சட்டத்துக்கு மாற்று 1959 வரை வரவில்லை. எழுதுகிறவர்கள் முதலதை மட்டும் ஞாபகம் வைத்திருப்பது இயல்பு. ஆனால் இரண்டும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள்: யார் கையில் எது இருந்தால் குற்றமற்றது? 1878-ன் சட்டத்தில் ஐரோப்பியர்களுக்கு விலக்கு இருந்தது. குடகர்களுக்குக் கிடைத்த விலக்கு இன்னும் இருக்கிறது. 2019-ல் அது மேலும் பத்து வருஷங்களுக்கு, 2029 வரை, நீட்டிக்கப்பட்டது. குடகில் துப்பாக்கிக்குப் பூ வைத்துப் பூஜை செய்வது பண்பாடு. மொரப்பூருக்குத் தெற்கே சித்தேரி மலையில் ஒரு குடியானவன் பன்றியை விரட்டக் கரிமருந்து இடித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தால் அது வழக்கு. நகரத்து ரைபிள் சங்கத்தில் உறுப்பினர் வைத்திருப்பது விளையாட்டு. இரும்பு ஒன்றுதான். அதை ஏந்தும் கையின் பெயருக்கேற்ப அதன் பெயரும் மாறுகிறது.

இதிலிருந்து இரண்டு சுலபமான முடிவுகளுக்குப் போகலாம். இரண்டும் போதாது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலாவது, கருவி குற்றமற்றது, மனிதன்தான் குற்றவாளி என்பது. அமெரிக்காவில் இது ஒரு கட்சியின் வேதவாக்கு. இதில் பாதி உண்மை உண்டு. தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20-ல் நடந்ததற்குத் துப்பாக்கி வெடிக்கத் தேவை இருக்கவில்லை. வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஒரு பழங்குடிக் கிராமத்தைச் சூறையாடினார்கள். பதினெட்டுப் பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். 2011-ல் தர்மபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். சென்னை உயர்நீதிமன்றம் 2023-ல் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. அன்று அவர்களிடம் இருந்த பலம் உரிமம் பெற்ற பலம். சட்டப்படியான கையில் இருப்பதால் ஆயுதம் சாதுவாகிவிடுவதில்லை என்பதற்கு இதைவிட அருகில் சாட்சி வேண்டாம். பலம், அதற்கு ஆட்படுகிறவனைப் பொருளாக ஆக்கிவிடுகிறது என்பதை இலியட் காவியம் பற்றிய கட்டுரையில் சிமோன் வேய் விளக்கினார். அவர் சொல்வதில் முக்கியமான மறுபாதி, அது ஏந்துகிறவனையும் போதையேற்றிக் கல்லாக்கிவிடும் என்பது. இங்கேதான் குற்றமற்ற கருவி என்ற வாதம் உடைகிறது. ஏந்துகிறவனை மாற்றக்கூடிய ஒன்றைச் சும்மா கிடக்கும் பொருள் என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது முடிவு, கருவியே பாவம் என்பது. அப்படியானால் வில்வித்தையும் ஈட்டி எறிதலும் பாவமாகவேண்டும். கொலையிலிருந்து பிரிந்து தனக்கென்று ஓர் அர்த்தம் தேடிக்கொண்ட திறமைகள் மனித சரித்திரத்தில் எத்தனையோ. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஐம்பது மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் பிரிவில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே அப்போது மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தார். அவரது ரைபிளில் ரத்தத்தைத் தேடுவது அபத்தம்.

திறமை பரிசுத்தமானது, இலக்கும் எய்பவனும் ஒன்றாகும் நிலையில் ஒழுக்கப் பிரச்னை கரைந்துவிடுகிறது என்று மூன்றாவதாக ஒரு குரலும் உண்டு. ஜப்பானிய வில்வித்தையையும் ஜென்னையும் இணைத்து 1948-ல் ஜெர்மானியரான ஹெரிகல் எழுதிய சிறு நூல் இதற்குப் பெயர்போனது. இந்தப் பரவசத்தைப் பற்றி ஒரு தகவலே போதும்: ஹெரிகல் 1937-ல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். நூலின் அழகை அது அழித்துவிடாது. ஆனால் தன்னை மறந்து எய்வது தன்னைத் திருத்தாது என்பதற்கு அது போதும்.

நம்மிடம் இதைவிடக் கூர்மையான கதை இருக்கிறது. துரோணர் மரத்தில் பொம்மைப் பறவையை வைத்து, என்ன தெரிகிறது என்று கேட்கிறார். மற்றவர்களுக்கு மரமும் கிளையும் சுற்றத்தாரும் தெரிகிறார்கள். அர்ஜுனனுக்கு இலக்கு மட்டுமே. இதை ஒருமுனைப்பின் உச்சமாகப் பள்ளிக்கூடங்களில் சொல்லித் தருகிறோம். அதே அர்ஜுனன் குருக்ஷேத்திரத்தில் ரதத்தை நடுவில் நிறுத்தச் சொல்லிப் பார்க்கும்போது அவனுக்கு இலக்குகள் தெரியவில்லை. பாட்டன், ஆசான், மாமன், சகோதரர் என்று மனிதர்கள் தெரிகிறார்கள். வில் நழுவுகிறது. துரோணரின் பரீட்சையில் மற்ற மாணவர்களைத் தோற்கடித்த அந்தப் பார்வைதான், சுற்றி நிற்பவர்களையும் சேர்த்துக் காணும் பார்வைதான், இப்போது அவனுக்கு வந்திருக்கிறது. அவனைத் திரும்ப வில்லெடுக்கச் செய்யப் பதினெட்டு அத்தியாயங்கள் வேண்டியிருந்தன. பறவையைச் சுட ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. எனவே, எய்யக் கற்பது சுலபம், எய்யாமல் கீழே வைப்பதுதான் கடினம்.

இந்த இடத்திலிருந்து முதல் துப்பாக்கியைப் பார்க்கலாம். மூன்று துப்பாக்கிப் போட்டியின் விதிகளில் மிகக் கடுமையானவை சுடுவது பற்றியவை அல்ல. குழல் எந்தப் பக்கம் திரும்பக்கூடாது, நகரும்போது விரல் எங்கே இருக்கவேண்டும், ஒரு துப்பாக்கியைக் கீழே வைக்கும்போது அது எந்த நிலையில் இருக்கவேண்டும் என்பவை. இலக்கைத் தவறவிட்டால் புள்ளிதான் போகும். தோட்டா ஏறிய துப்பாக்கியைப் பூட்டாமல் வைத்துவிட்டு அடுத்ததற்கு ஓடினால் போட்டியிலிருந்தே வெளியேற்றிவிடுவார்கள். அந்த விளையாட்டின் உண்மையான ஒழுக்கம் இங்கே இருக்கிறது. ஆனால் கடிகாரம் அதற்கு எதிராக ஓடுகிறது. நின்று யோசிப்பதற்கு அங்கே அபராதம்.

சட்டம் மொரப்பூர்க்காரனுக்கு விட்டுவைத்திருக்கும் இன்னொன்று .177 காற்று ரைபிள். 2016-ன் ஆயுத விதிகளின்படி, வெளிவரும் ஆற்றல் இருபது ஜூலைத் தாண்டாதவரை இதற்கு உரிமம் வேண்டாம். போட்டியில் தூரம் பத்து மீட்டர். பத்துப் புள்ளிக்கான நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். பலத்துக்கு அங்கே எந்த மதிப்பும் இல்லை. ஈயத் துணுக்கு காகிதம்வரை போய்ச்சேர்ந்தால் போதும். விலகலை எதுவும் மன்னிக்காது. அறுபது முறை சுட எழுபத்தைந்து நிமிஷம். இந்த நேரத்தில் நல்ல வீரன் எத்தனையோ முறை ரைபிளைத் தூக்கி, குறி பார்த்து, மூச்சு சரியில்லை என்று கண்டு, சுடாமலே இறக்கிவிடுகிறான். பார்க்கிறவனுக்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை. தெரிந்தவனுக்கு அந்த இறக்கல்தான் வித்தை. சுடாமல் இருப்பதைத் திறமையின் பகுதியாகக் கொண்டிருக்கும் ஆயுதப் பயிற்சி வேறெது இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைக்காரனின் பாஷையில் சொல்வதானால், முதலில் வாங்கவேண்டியது இது. சட்டம் அனுமதிப்பதால் சொல்லவில்லை. இல்லாமையைப் பெருமையாக ஆக்கும் நமது பழக்கத்துக்கும் நான் உடன்படவில்லை. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் செய்த போட்டி ரைபிள் லட்சங்களில் விலைபோகிறது. மொரப்பூர் இளைஞன் சங்கத்துத் துப்பாக்கிக்கு வரிசையில் நிற்கவேண்டியதுதான். அது அநியாயமே. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் குஜராத்தில் வளர்ந்தே உலக அரங்குக்குப் போனார் என்பதையும் இதோடு சேர்த்து யோசிக்கவேண்டும். நான் சொல்வது வேறு. பலம் பிழையை மன்னிக்கும் இடத்திலிருந்து தொடங்குகிறவன், பிழையைப் பலத்தால் மூடப் பழகுகிறான். மூட வழியில்லாத இடத்திலிருந்து தொடங்குகிறவன் பின்னால் மூன்று துப்பாக்கிகளுக்குப் போனாலும் அந்தக் கூச்சத்தை எடுத்துக்கொண்டுதான் போவான்.

கூச்சம் தனிமனித விஷயம், அது ஊரைக் காப்பாற்றாது என்று ஒருவர் சொல்லலாம். சரிதான். 2019 மார்ச் 15-ல் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரத்து மசூதிகளில் ஒருவன் ஐம்பத்தொரு பேரைக் கொன்றான். ஒரு மாதத்துக்குள் அரைத் தானியங்கி ரைபிள்கள் பெரும்பாலும் தடைசெய்யப்பட்டன. போட்டிக்காரர்கள் விலக்குக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. ஒரு குற்றமும் செய்யாதவர்கள், வருஷக்கணக்கான பயிற்சியோடு தங்கள் ரைபிளைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு இழைத்தது அநீதியா? ஒரு சிறிய அநீதி அதில் இருப்பதை மறுக்கமுடியாது. ஆனால் விளையாட்டு என்பது, விட்டுவிட முடியும் என்பதால்தான் விளையாட்டு. விடமுடியாதபோது அதற்கு வேறு பெயர். ஓட்டத்தின் நடுவே துப்பாக்கியை ஒழுங்காகக் கீழே வைக்கத் தெரியாதவனை வெளியேற்றும் விளையாட்டு, ஊர் கேட்கும்போது கீழே வைப்பதையும் தன் விதிகளில் ஒன்றாகக் கொள்ளத்தான் வேண்டும்.

தர்மபுரி, செங்கம் வட்டாரங்களில் நடுகற்கள் ஏராளம். ஆநிரை கவர்தலிலோ மீட்டலிலோ விழுந்தவன், வில்லோடும் குறுவாளோடும் கல்லில் நிற்கிறான். எடுத்தனூர்க் கல்லில் அவனோடு கோவிவன் என்ற நாயும் பெயர் சொல்லி நிற்கிறது. எவரைக் கொன்றான் என்பதைவிட எங்கே, எதற்காக விழுந்தான் என்பதைத்தான் அந்தக் கற்கள் சொல்கின்றன. அவனுடைய ஆயுதத்துக்கு அவன் தன் உடம்பால் பதில் சொன்னான். முந்நூறு மீட்டர் தூரத்திலிருந்து சுடுகிறவனுக்கு அப்படிப் பதில் சொல்லும் கட்டாயம் இல்லை. தூரம் அவனை விடுவித்துவிட்டது. ஆகவே அந்தப் பதிலை அவன் முன்கூட்டியே, வாங்கும்போதே, சொல்லியாகவேண்டும்: நான் இதைக் கொண்டு எதைச் சுடுவதாக நினைத்துக்கொள்ளப் போகிறேன், எவர் சொன்னால் இறக்கி வைப்பேன். விலை, எடை, தோட்டா பற்றிய கேள்விகள் அதற்குப் பிறகு.